லகரத்துக்கு இரட்டைக்கொம்பு

படகுக்குத் தீ வைப்பதற்கு முன்னால் அந்த மனிதன் கடைசியாகச் சொன்னது, "உங்க வாழ்த்துக்கு ரொம்ப நன்றி" என்பதுதான்.

வர்ஷினி அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள். குரலில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. நன்றி சொன்னான், கரைக்குப் போனான், வலைக்கூடத்திலிருந்து தீப்பந்தத்தை எடுத்து வந்தான், நண்பனோடு சேர்ந்து நான்கு வருஷமாக இழைத்து இழைத்துக் கட்டிய படகைக் கொளுத்தினான். எரிந்து முடிகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான்.

'நெய்தல்' விளையாட்டில் இதற்கு ஒரே தண்டனைதான் உண்டு. சொந்த ஊரின் சொத்தை, சாவி வைத்திருப்பவனே அழித்தால், அவனுக்கு ஆயுள் முழுவதும் தடை. புதுப் பெயரில் வந்தாலும் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடும். லட்சக்கணக்கான பேர் கடற்கரை ஊர்களைக் கட்டி, படகு செய்து, புயலில் மீன் பிடிக்கும் அந்த உலகத்தில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. ஆட்டக்காரர்களின் சண்டைகளைத் தீர்த்துவைக்கும் மாடரேட்டர்களில் வர்ஷினியும் ஒருத்தி. அலுவலகத்தில் அந்தப் பிரிவுக்குப் பஞ்சாயத்து என்று பெயர். ஆட்டக்காரர்கள் இவர்களை நாட்டாமை என்பார்கள். அதைவிட மோசமாகவும் சொல்வார்கள். இப்போது அது காதில் விழுவதில்லை.

விழாததற்குக் காரணம் சல்லடை.

அந்த மென்பொருள் வருவதற்கு முன் ஆறு மாதம் வர்ஷினி வெறும் காதோடு வேலை பார்த்திருக்கிறாள். தோற்றவன் ஜெயித்தவனின் தாயைப் பற்றிச் சொல்வதையும், தடை வாங்கியவன் இவளைப் பற்றிச் சொல்வதையும் கேட்டுக் கேட்டு, வீட்டில் யாராவது சத்தமாகத் தும்மினாலே உடம்பு நடுங்கும் நிலைக்கு வந்திருந்தாள். பிறகு சல்லடை வந்தது. பேசுகிறவரின் வாயிலிருந்து வசவு வந்தால், கேட்கிறவர் காதுக்குப் போவதற்குள் அந்த வாக்கியத்தை மரியாதையான வாக்கியமாக மாற்றி, பேசியவரின் குரலிலேயே, அவர் மூச்சிலேயே சொல்லிவிடும். எழுத்தில் வந்தாலும் அப்படியே மாற்றிவிடும். யாரையும் தண்டிப்பதில்லை, யார் வாயையும் அடைப்பதில்லை. அதைச் செய்தவர்களை நேரில் பார்த்தால் கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்று வர்ஷினி நினைத்திருக்கிறாள். ஆட்டக்காரர்களுக்கு நடுவில், மாடரேட்டர்களுக்கு, அலுவலகத்தின் உள்பேச்சு இணைப்புக்கு என்று எல்லா இடத்திலும் அது இருந்தது.

சித்திரையில் ஆட்டக்காரர்களுக்கு அதன் புதிய பதிப்பு வந்தது. மரியாதைப் பதிப்பு. வசவு மட்டுமல்லாமல், மட்டுமரியாதை இல்லாத விளிகளையும் மாற்றும். அலுவலக இணைப்பில் அது முதலிலிருந்தே அப்படித்தான்.

"என்ன அம்முணி, இன்னும் அந்தப் படகுக் கேசையே கட்டிக்கிட்டு அழுகறே?" பஞ்சாயத்துப் பிரிவின் தலைவர் நந்தகோபன் டீ டம்ளரோடு வந்து நின்றார். கோபிச்செட்டிப்பாளையத்துக்காரர்.

"காரணம் புரியலீங்ணா."

"தீ வெச்சது அவந்தானே?"

"ஆமாங்."

"ஒத்துக்கிட்டானா?"

"ஒத்துக்கிட்டாருங்."

"அப்புறம் என்னத்துக்குக் காரணம்? சட்டம் தெளிவா இருக்குது. தடையப் போட்டுட்டு நேரத்தோட கிளாஸுக்குப் போ."

சாயங்காலம் காந்திபுரத்தில் வர்ஷினிக்கு வகுப்பு இருந்தது. சமரசப் பேச்சில் ஒரு டிப்ளமோ. அங்கே முதல் வாரத்தில் சொல்லிக் கொடுத்ததை இவள் எந்தச் சண்டைக்கும் விடாமல் செய்வாள்: யார், யாரிடம், என்ன சொன்னார், அதற்கு முன்னால் என்ன நடந்தது. மற்றவர்கள் ஒரு கேள்வியோடு முடிப்பதை இவள் நான்கோடும் முடிக்க மாட்டாள். தான் போட்ட ஒவ்வொரு தடையையும் பஸ்ஸில் நின்றுகொண்டு மறுபடி விசாரிக்கிற ஆள். சரியாகத்தான் செய்தோமா என்ற கேள்வி சிங்காநல்லூர் தாண்டியும் விடாது.

இந்த வழக்கில் யார் என்பது தெரிந்திருந்தது. தீ வைத்தவன் ஜெபஸ்டின், விளையாட்டில் பெயர் பனங்காய். திசையன்விளையில் செல்போன் பழுது பார்க்கும் கடை. நண்பன் இசக்கிராஜ், விளையாட்டில் சுறாமூக்கன். ஓமன் நாட்டில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை. இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம். இசக்கிராஜ் கடல் தாண்டிப் போனபின் அவர்கள் சந்தித்துப் பேசிக்கொள்வதெல்லாம் அந்தப் படகின் மேல்தான். படகின் பெயர் வர்ஷினியின் திரையில் 'மதிப்புக்குரியவர்' என்று இருந்தது. படகுக்கு இப்படியும் பெயர் வைப்பார்களா என்று நினைத்தாள்.

கடைசி இரண்டு மாதப் பேச்சைக் கேட்டாள். சமரச வகுப்பில் மாதிரிக்குப் போட்டுக் காட்டலாம் போலிருந்தது.

"சார், பாறை இருக்கு. கொஞ்சம் திருப்புங்க."

"சரிங்க சார். நீங்க பாயை இறக்குங்க."

ஒரு வாய்ச்சண்டை இல்லை. குரல் உயரவில்லை. இப்படிப்பட்ட இரண்டு பேரில் ஒருவன் எப்படித் தீ வைப்பான்?

ஜெபஸ்டினை இணைப்பில் கூப்பிட்டாள்.

"தப்புதான் மேடம். தடையப் போட்டுருங்க. நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்."

"போடறதுக்கு முன்னால காரணம் தெரியணுமுங்க."

கடை மேசைமேல் திருப்புளியை வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அவர் என்கிட்ட மரியாதையா பேசினார்" என்றான்.

வர்ஷினி குழம்பினாள். "மரியாதை இல்லாம பேசினாருங்களா?"

"இல்ல மேடம். மரியாதையா. ரெண்டு மாசமா. இதுக்கு மேல ஒரு மனுசனக் கேவலப்படுத்த முடியுமா?"

இசக்கிராஜைக் கூப்பிட்டாள். பின்னால் ஏதோ எந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

"படகு போனா போவுது மேடம். மரம் வெட்டிச் செஞ்சிக்கலாம். ஆனா அவர்தான் முதல்ல மரியாதை குடுக்க ஆரம்பிச்சார்."

"போன்ல கூப்பிட்டு என்னன்னு கேட்டிருக்கலாமுங்களே?"

"மரியாத குடுக்கவங்கள எதுக்கு மேடம் கூப்பிடணும்?"

இரண்டு பேர் பேச்சிலும் ஒரு விசித்திரம் இருந்தது. ஒரு வாக்கியம் திசையன்விளைக்காரருடையது. அடுத்த வாக்கியம் எந்த ஊருக்கும் சொந்தமில்லாதது. வர்ஷினி அதை மனதில் போட்டு உருட்டிக்கொண்டே உள்பேச்சு இணைப்பில் செல்வமாரியைக் கூப்பிட்டாள்.

செல்வமாரியும் பஞ்சாயத்துப் பிரிவுதான். பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். இருவரும் நேரில் பார்த்ததில்லை. முப்பது பேர் கொண்ட ஊர்ச் சண்டையை இரண்டே கேள்வியில் பிரித்துவிடுவாள். அவள் தீர்த்த வழக்குகளை வர்ஷினி தேடிப் பிடித்துப் படிப்பாள். ஆனால் பேச்சில் மட்டும் செல்வமாரி ஓர் அடி தள்ளியே நிற்பாள். தினமும் மத்தியானம், "வர்ஷினி, நீங்க சாப்பிட்டாச்சா?" என்று அறிவிப்பு மாதிரி ஒரு கேள்வி. "சாப்பிட்டேனுங்க" என்று இவள் சொன்னதும் அமைதி. நம்மைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, கடமைக்குக் கேட்கிறாள் என்று வர்ஷினி எப்போதோ முடிவு கட்டியிருந்தாள்.

விஷயத்தைச் சொன்னதும் செல்வமாரி சிரித்தாள். சிரிப்பை மட்டும் சல்லடை தொடுவதில்லை.

"வர்ஷினி, அவங்க பழைய பேச்சுல ஒருத்தரை ஒருத்தர் 'சார்'னு கூப்பிட்டிருப்பாங்க."

"ஆமாங்க, சார்னுதான் கூப்பிட்டுக்கறாங்க."

"அது இல்லைங்க. சார்."

"சார்தானுங்க?"

"இல்லை! சார். சார்! கடவுளே. சார்ங்க!"

வர்ஷினிக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பக்கம் நாற்காலியைத் தள்ளும் சத்தம் கேட்டது. செல்வமாரி ஒவ்வொரு சொல்லாக, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்: "ல எழுதுங்க. எழுதியாச்சா? அதுக்கு முன்னாடி இரட்டைக்கொம்பு போடுங்க. இப்ப என்ன எழுத்து?"

வர்ஷினி காகிதத்தில் எழுதிப் பார்த்தாள். லே.

"எங்க பக்கம் நண்பனைக் கூப்பிடுற எழுத்துங்க அது. அதை நிறுத்திட்டு ஒருத்தர் சார்னு கூப்பிட்டா, உறவை வெட்டிவிட்டாருன்னு அர்த்தம். அடிச்சாக்கூடப் பொறுத்துக்கலாம்."

"ஆனா சல்லடை இருக்கறது அவங்களுக்குத் தெரியுமுங்களே?"

"கெட்ட வார்த்தையை மாத்தும்னு தெரியும். அது கெட்ட வார்த்தைன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

வர்ஷினி அந்த ஒற்றை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். செல்வமாரி சொல்லச் சொல்லச் சல்லடை 'சார்' ஆக்கியது இதைத்தான்; அந்த இருவருக்கும் இதுவே நடந்திருக்க வேண்டும். ஆனால் இது செல்வமாரியின் ஊகம். ஊகத்தை வைத்து ஆயுள் தடையை மாற்ற முடியாது. மூலப் பேச்சைக் கேட்க வேண்டும். அதற்குப் பேசிய இருவரின் சம்மதமும் தலைவரின் அனுமதியும் வேண்டும். இருவரும் உடனே சம்மதித்தார்கள். நந்தகோபன்தான் தயங்கினார்.

"அம்முணி, நீ வெறுங்காதோட கேட்டுப் பட்ட பாடு எனக்குத் தெரியும். அப்ப நீ டம்ளரக் கையில புடிச்சு நான் பார்த்ததில்ல, அப்படி நடுங்கும். மறுபடியும் வேணுமா?"

"பயமாத்தானுங் இருக்குது. ஆனா கேட்காம எழுதினா அது எனக்கு வாழ்நாளுக்கும் இருக்குமுங்."

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அனுமதியை அழுத்தினார். போகாமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் சித்திரைக்கு முந்தைய ஒரு புயல் நாள். வர்ஷினி ஒரு காதில் மட்டும் ஹெட்செட்டை வைத்துக்கொண்டாள்.

"ஏலே, பாற! பாற தெரியுதாலே? கண்ண என்ன பொடதியிலயா வச்சிருக்க?"

"தெரியுதுலே, கத்தாத. நீ மொதல்ல பாய எறக்கு மூதி."

"எறக்கியாச்சு. செத்தோம்லே இன்னிக்கு."

"செத்தா சேந்து சாவோம். பொலம்பாம சுக்கானப் புடி. இப்ப திருப்புலே... இப்பலே... லே!"

வர்ஷினி இரண்டாவது காதிலும் ஹெட்செட்டை வைத்தாள். வசவுதான். ஆனால் உடம்பு நடுங்கவில்லை. அந்த 'லே' விழும் இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் படகு திரும்பியது. ஒருவன் எவ்வளவு பயந்திருக்கிறான், மற்றவன் எவ்வளவு தைரியம் சொல்கிறான் என்பதெல்லாம் அந்த ஓர் எழுத்தின் நீளத்திலும் குறுக்கத்திலும் இருந்தது. பெரிய பெரிய ஊர்க்காரர்கள் கூட்டமாகப் போய் முழுகிய புயலில், இந்த இரண்டு பேர் திட்டிக்கொண்டே கரை சேர்ந்திருக்கிறார்கள். கரை சேர்ந்ததும் படகைத் தட்டிக்கொடுத்து, "செத்த மூதி, பொழச்சிட்டாலே" என்று ஒருவன் சொன்னான். வர்ஷினிக்கு அப்போதுதான் புரிந்தது, மதிப்புக்குரியவரின் அசல் பெயர் இந்த மூதிதான், அதாவது மூதேவி.

அடுத்தது, சித்திரைக்குப் பின். பேசியதையும் கேட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிட்டாள்.

இசக்கிராஜ் பேசியது: "ஏலே, எங்கலே போய்த் தொலஞ்ச?" ஜெபஸ்டின் காதில் விழுந்தது: "சார், எங்க போயிருந்தீங்க?"

ஜெபஸ்டின் ஒரு கணம் திகைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே கேட்டான்: "என்னலே, சாரு மோருன்னுட்டு? வெளிநாட்டுத் துட்டு பேச வைக்கோ?" இசக்கிராஜ் காதில் விழுந்தது: "என்ன சார்? வெளிநாட்டுல வசதியா இருக்கீங்க போல."

அப்படியே போனது. விளையாட்டுக்குச் செய்கிறான் என்று முதல் வாரம் நினைத்தார்கள். இரண்டாவது வாரம் 'லே' குறைந்தது. ஒரு நாள் இசக்கிராஜ் உண்மையாகவே 'நீங்க' என்றான். மறுநாள் ஜெபஸ்டினும். கடைசி நாட்களில் பேசியதும் கேட்டதும் ஓர் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருந்தன. சல்லடைக்கு அங்கே மாற்ற எதுவும் இல்லை.

கடைசியாகத் தீ வைத்த நாள். ஜெபஸ்டின், "எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்குங்க" என்கிறான். அதைக் கேட்டதும் இசக்கிராஜுக்கு வீம்பெல்லாம் மறந்துபோகிறது.

"ஏலே மூதி! ஒனக்கும் ஒருத்தி கெடச்சிட்டாளா? பாவம்லே அந்தப் புள்ள! கேட்டுக்க, நான் வந்து எறங்குறதுக்கு முன்ன நீ தாலி கட்டுன, ஒங் கால ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்!"

சல்லடை அதை ஒரு மிரட்டலாகக் கண்டுபிடித்தது. ஜெபஸ்டின் காதில் விழுந்தது: "ரொம்ப சந்தோஷம் சார். உங்களுக்கு என் வாழ்த்துகள். என்னால வர முடியாம போனா வருத்தப்படுவேன்."

"உங்க வாழ்த்துக்கு ரொம்ப நன்றி."

அதை மட்டும் சல்லடை தொடவில்லை. அவன் சொன்னதே அதுதான்.

வர்ஷினி ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். நந்தகோபன் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"இப்ப என்ன பண்ணலாங்கறே? பட்டியல்ல இருந்து அந்த லேயை எடுத்திரலாமா?"

அதைத்தான் கேட்க நினைத்திருந்தாள். கேட்கவில்லை.

"எடுத்துட்டா சரியாப் போயிருமுங்களாண்ணா?"

"ஆகாது. அதைச் சேர்க்கச் சொன்னதே ஆட்டக்காரங்கதான். பெரிய ஊர்க்காரனுங்க சின்ன ஊர்ப் பசங்களை 'லே, வாலே, வலையத் தூக்குலே'ன்னு அடிமை மாதிரி வேலை ஏவியிருக்கறானுங்க. அந்தப் புள்ளைங்க அழுதுகிட்டே பேசி அனுப்புச்சுதுங்க. நான் கேட்டன். அதுவும் பொய்யில்ல அம்முணி."

இரண்டும் ஒரே எழுத்து. வர்ஷினி யோசித்தாள். எந்தப் பட்டியலும் இந்த இரண்டையும் பிரிக்காது. பேசுகிறவனாலும் பிரிக்க முடியாது. வலை தூக்க வைத்தவனும் அன்பாகத்தான் கூப்பிட்டேன் என்பான். பிரிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான், அதைக் கேட்கிறவர்.

"ஒரு கதவு மாதிரி வெச்சா என்னங்ணா? ரெண்டு பேர் நடுவுல மட்டும். ரெண்டு பேரும் சம்மதிச்சாத்தான் சல்லடை தெறக்கும். யாராவது ஒருத்தர் வேண்டாம்னா அந்த நிமிஷமே மூடிக்கும். சம்மதம் கேக்கறது கூட ஒரு தடவைதான், மறுத்துட்டா திரும்பக் கேக்க முடியாது." சொல்லிவிட்டு உடனே சேர்த்துக்கொண்டாள்: "தப்பா இருந்தாச் சொல்லுங்ணா. நான் அவசரப்பட்டுச் சொல்றனோ என்னமோ."

நந்தகோபன் நாற்காலியை அவள் திரைப் பக்கம் இழுத்துப் போட்டார். "மொதல்ல அவனுங்க ரெண்டு பேருக்கும் வெச்சுப் பாரு."

இருவரையும் ஒரே இணைப்பில் கொண்டுவந்தாள். நடந்ததைச் சொன்னாள். கல்யாண வாழ்த்தின் மூலத்தை ஓடவிட்டாள். பிறகு சல்லடையைத் திறந்தாள்.

ஓமனில் எந்திரம் உறுமியது. திசையன்விளையில் கடைக்கு வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வர்ஷினியின் விரல் மூடும் பொத்தானுக்குப் போனது. காலம் தாழ்ந்துவிட்டதா? திறந்ததே தப்போ?

"லே" என்று ஒரு குரல். யாருடையது என்றே தெரியாத அளவுக்குச் சின்னதாக.

"சொல்லுலே."

"படகக் கொளுத்திட்டியேலே, பாவி."

"நீ எதுக்குலே என்னைய சாருன்ன?"

"நான் எங்கலே சொன்னேன்? நீதாம்லே சொன்ன, கூறுகெட்ட மூதி!"

"எவம்லே சொன்னான்? சவமே!"

அதன்பின் வந்ததை எந்தப் பத்திரிகையிலும் அச்சடிக்க முடியாது. வர்ஷினி ஒரு சொல் விடாமல் கேட்டாள். பக்கத்தில் நந்தகோபன், "ஏனுங் அம்முணி, சண்டை தீர்ந்துச்சா, இல்ல இப்பத்தான் ஆரம்பிக்குதா?" என்று கவலையாகக் கேட்டார். "தீர்ந்துருச்சுங்ணா" என்றாள். நடுவில் ஒருவன் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. மற்றவன் அதற்கும் திட்டினான்.

தீர்ப்பை அவள் இப்படி எழுதினாள்: ஜெபஸ்டின் குற்றம் செய்தது உண்மை. ஒரு மாதத் தடை. அது அவருடைய கல்யாண மாதமாகவே இருக்கட்டும். திரும்பி வந்ததும் படகுக்கான மரத்தை அவரே வெட்டித் தர வேண்டும். ஆயுள் தடை தராததற்குக் காரணம்: படகின் இன்னொரு உரிமையாளரின் வாழ்த்து அவரிடம் போய்ச் சேரவில்லை.

நந்தகோபன் படித்தார். காரணத்தை இரண்டாம் தடவை படித்தார். "மேலதிகாரிங்க என்னையத்தான் வையப் போறாங்க. வையட்டும், சல்லடை வழியாத்தானே வரும்" என்று கையெழுத்திட்டார். அந்தக் கதவைச் சோதனைக்குத் திறந்துவிடவும் எழுதிவிட்டார், முதலில் அலுவலக இணைப்பில், அன்றைக்கே.

மாலை, வகுப்புக்குக் கிளம்பும் நேரம். வர்ஷினி பையை எடுத்துத் தோளில் போட்டபோது திரையில் ஒரு வரி வந்து நின்றது.

'செல்வமாரி உங்களோடு சல்லடை இல்லாமல் பேச விரும்புகிறார். சம்மதமா?'

பையோடு அப்படியே நின்றாள். ஒரு வருஷமாக அந்த அறிவிப்புக் குரலுக்குப் பின்னால் என்ன இருந்ததோ? எரிச்சலோ, இளக்காரமோ? கேட்டுவிட்டால் கேட்காத மாதிரி இருக்க முடியாது. இன்று இரண்டு பேரைத் திறக்கச் சொன்னவள் தன் கதவை மூடிக்கொண்டு பஸ் ஏறினால், அந்தக் கேள்வி சிங்காநல்லூரோடு நிற்காது.

சம்மதத்தை அழுத்தினாள்.

"ஏட்டி!" காது கிழிந்தது. "ஏட்டி வர்ஷி! கேக்குதாட்டி? ஒரு வருசமா நாயாக் கத்துதேன், 'சோறு தின்னியாட்டி, சோறு தின்னியாட்டி'ன்னு. நீ என்னடான்னா கலெக்டருக்கு மனு குடுக்கவ மாதிரி 'சாப்பிட்டேனுங்க'ன்னு சொல்லுத. சல்லடதான் இவ பேச்சயும் மாத்துது, உள்ளுக்குள்ள நல்லவளா இருப்பான்னு நானே மனசத் தேத்திக்கிட்டேன். இப்ப தொறந்தாச்சுல்லா? சொல்லு. எம்மேல என்னட்டி கோவம் ஒனக்கு?"

வர்ஷினிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. வீட்டில் அம்மாவிடமும் இவள் அந்த 'ங்க' போட்டுத்தான் பேசுவாள், தெரு முனையில் நிற்கும் கன்றுக்குட்டியிடமும் அப்படித்தான். அதைவிட நெருக்கமாக எப்படிப் பேசுவது என்று அவளுக்குத் தெரியாது.

"கோவமெல்லாம் இல்லீங்க" என்றாள். "நீங்க சாப்பிட்டீங்களா?"

அந்தப் பக்கம் பாளையங்கோட்டையே அதிரும்படி ஒரு சிரிப்பு.

திரையின் மூலையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சல்லடை இரண்டு பக்கமும் திறந்தேதான் இருந்தது.